அரசாணிக்காலில் முளைத்த காது

அன்புள்ள மகனுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நானே எழுதிக்கொள்ளலாம். ஆனால் போன வாரம் போனில் உன் குரலைக் கேட்டபிறகு அப்படி எழுதக் கை வரவில்லை. இங்கே நாங்களும் நலம் என்று சொல்ல முடியாது. உன் அம்மா சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறாள். நான் திரும்பவும் கூப்பிட்டுப் பார்த்தேன். "ஷிப்ட்ல கீறேம்ப்பா, அப்பறம் பேசறேன்" என்றாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாய். நான் சொல்ல வந்த விஷயத்துக்குக் கட்டைவிரல் போதாது. அதனால்தான் பந்தல் சாமான் கொட்டகையில், அடுக்கிவைத்த பிளாஸ்டிக் சேர்களுக்கு நடுவே உட்கார்ந்து காகிதத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பொறுமையாகப் படி. ரூமில் கூட இருக்கும் பையன்களிடம் காட்டாதே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மகேஸ்வரி வீட்டுப் பெரியவர்களும் நம் வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து உங்கள் இருவரையும் பிரித்துவிடுவதாக ஏற்பாடு. கல்யாணமாகி இன்னும் ஒரு வருடம்கூடத் திரும்பவில்லை. உன் அம்மா கேட்டதற்கு, "முடிச்சிடுங்கம்மா, எனக்கு பேஜாரா கீது" என்று சொல்லிவிட்டாயாம். முடிப்பதும் முடிக்காததும் நீயும் அவளும் தீர்மானிக்க வேண்டியது, அதில் நான் தலையிடப்போவதில்லை. ஆனால் எதற்காக முடிக்கிறோம் என்பதாவது சரியாக இருக்க வேண்டும் இல்லையா? ஊரில் இப்போது சொல்லிக்கொண்டிருக்கும் காரணம் தப்பு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் நம் வீட்டுப் பின்னால் நட்ட ஒதியங்கிளையிலிருந்தும் அதில் முளைத்த காதிலிருந்தும் நான் தொடங்க வேண்டும். உனக்கு எரிச்சல் வரும். வரட்டும்.

எத்தனையோ வீட்டுக் கல்யாணத்துக்கு நான் பந்தல் போட்டிருக்கிறேன். மணமேடையில் அரசாணிக்கால் என்று ஒதியங்கிளையையும் அரசங்கிளையையும் சேர்த்துக் கட்டி நிறுத்துவதும், பொண்ணும் மாப்பிள்ளையும் அதைச் சுற்றி வருவதும், முடிந்தபிறகு அந்த ஒதியங்கிளையை மாப்பிள்ளை வீட்டில் நட்டு இரண்டு பேரும் தண்ணீர் ஊற்றுவதும் எனக்குப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன விஷயம். மண்டபத்தில் ஏசி போட்டுக் கல்யாணம் பண்ணுகிறவர்கள்கூடக் கிளையை வேனில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். கிளை துளிர்த்தால் குடும்பம் துளிர்க்கும் என்று நம்பிக்கை. ஒதியைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, வேலிக்கு வெட்டி ஊன்றினாலே பிடித்துக்கொள்கிற மரம். யாரும் ஃபெயில் ஆகக்கூடாது என்று பார்த்துத்தான் இந்தப் பரீட்சையை வைத்திருக்கிறார்கள் என்று நான் ஆட்களிடம் கிண்டல் பண்ணுவேன். கடைசியில் நம் வீட்டில்தான் ஃபெயில் ஆனது.

வைகாசியில் உன் கல்யாணம் முடிந்து கிளையைக் கொண்டுவந்தபோது, தண்ணீர் ஊற்ற வசதியாக இருக்கும் என்று உன் அம்மா குழாயடிக்குப் பக்கத்தில் இடம் காட்டினாள். நட்டோம். நீயும் மகேஸ்வரியும் ஒரே சொம்பைப் பிடித்து ஊற்றினீர்கள், உன் நண்பர்கள் வீடியோ எடுத்தார்கள். மறுவாரமே நீ பழையபடி கம்பெனி பஸ் ஏறி ஷிப்டுக்குப் போய்வர ஆரம்பித்துவிட்டாய். கிளையைப் பார்த்துக்கொள்கிற வேலை மகேஸ்வரி தலையில் விழுந்தது. காலையில் நான் பல் தேய்க்கப் போகும்போது அவள் சொம்போடு அங்கே நிற்பாள். பக்கத்து வீட்டிலிருந்து உன் அத்தை மதில் மேல் தலையை நீட்டி, "இன்னாடி, கண்ணு விட்டுச்சா?" என்பாள். அக்காவுக்கு வேறு வேலை என்ன இருக்கிறது. பால்காரர் கேட்பார். விசேஷத்துக்கு வந்தவர்கள் காப்பி குடித்த கையோடு பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். வயிற்றில் எதுவும் விசேஷமா என்று நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கிளையைப் பற்றிக் கேட்பது சௌகரியமாகப் போய்விட்டது. ஆடி வரைக்கும் "இன்னும் இல்ல" என்று சிரித்துச் சொன்ன பெண், அதற்குப்பிறகு யாராவது பின்பக்கம் நடந்தாலே சமையலறைக்குள் போய்விடுவாள். நீ வீட்டில் இருந்த நேரமெல்லாம் தூங்கினாய், அது உன் தப்பில்லை, ஷிப்ட் அப்படி. ஆனால் இதையெல்லாம் நீ பார்க்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் விடாமல் மழை பெய்தது ஞாபகம் இருக்கிறதா? மழை விட்ட காலையில் மகேஸ்வரி மாவுக் கையோடு பின்பக்கம் போனவள் அங்கிருந்தே கத்தினாள். "அத்த! அத்த! துளுத்துக்கிச்சி, சீக்கிரம் வாங்க!" கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. உன் அம்மா ஓடினாள், மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து உன் அத்தையும் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள், நானும் போனேன். கிளையின் நடுவில், பட்டை வெடித்த இடத்தில், மாந்தளிர் நிறத்தில் பளபளவென்று மெல்லியதாக என்னவோ மடிப்பு மடிப்பாக வெளியே வந்திருந்தது. தூரத்தில் பார்த்தால் யாருக்கும் துளிர் என்றுதான் தோன்றும். கிட்டே போனதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. காளான். குடை மாதிரி நிற்கிற காளான் இல்லை, தண்டும் கிடையாது, தொப்பியும் கிடையாது. அசல் காது மாதிரி வளைந்து, தொட்டால் குளிர்ந்து, வழுவழுவென்று ஜவ்வாக இருக்கும். மழைக்காலத்தில் நம் கொட்டகையில் பழைய சவுக்குக் கம்பங்களில் நான் பார்க்காத காதா?

உன் அத்தை தொட்டுப்பார்த்துக் கையை உதறினாள். "ஐயய்யோ, இது இன்னாடி காது மாதிரி கீது? செத்த மரத்துல மொளைக்கிறதாச்சே. வந்த ராசி மொளச்சிக்கீது பாரு." உன் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு குழாயடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். மகேஸ்வரி என்னைப் பார்த்தாள். "மாமா, துளிர்தானே?" நான், "காளான்மா அது" என்றேன். வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன், தெரியவில்லை. அவள் கையில் ஒட்டியிருந்த மாவைத் தேய்த்துத் தேய்த்து உதிர்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அன்று நீ நைட் ஷிப்ட் முடித்துத் தாமதமாக வந்தாய். வாசலிலேயே உன் அத்தை பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டாள். நீ பையைக் கூடக் கீழே வைக்காமல், எல்லோரும் நிற்கும்போது, "ஒரு கெளைக்குத் தண்ணி ஊத்தறதுகூட ஒயுங்கா தெரியாதா உனக்கு?" என்று கேட்டாய். தூக்கக் கலக்கத்தில் சொன்னாய், சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாய், எழுந்தபோது உனக்கே மறந்திருக்கும். அவளுக்கு மறக்கவில்லை. கார்த்திகையில் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று திருமுக்கூடல் போனவள் திரும்பி வரவில்லை. நீயும் ஒரகடத்தில் ரூம் எடுத்துக்கொண்டாய். ஊருக்குக் காரணம் ரெடியாக இருந்தது. அந்தப் பெண் ராசி இல்லாதவள், அவள் கை பட்டு ஒதியே செத்துப்போய்க் காது முளைத்தது. என் ஆட்களே என் காதுபடப் பேசிக்கொண்டார்கள்.

இந்தக் காது உனக்குப் புதிது இல்லை. சின்னப் பையனாக இருந்தபோது மழைக்காலம் முழுக்க நீ இந்தக் கொட்டகையில்தான் கிடப்பாய். கம்பத்து வெடிப்பில் காதுக்குப் பக்கத்திலேயே, இதே ஜாதியில் ஆரஞ்சு நிறத்தில் குட்டிக் குட்டி நாக்கு மாதிரி வரிசையாக நீட்டிக்கொண்டு வருமே, அதைப் பிய்த்து உன் நாக்கில் ஒட்டிக்கொண்டு அம்மாவைப் பயமுறுத்துவாய். வெயில் அடித்ததும் எல்லாம் சுருங்கிக் கறுத்து, பழைய பெயிண்ட் உரிந்த மாதிரி ஆகிவிடும். அதைச் சுரண்டி எடுத்து மூடியில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, பக்கத்திலேயே குந்திக்கொண்டு காத்திருப்பாய். அது உப்பிப் பழையபடி ஆனதும், "நைனா, செத்தது எயுந்துக்கிச்சி!" என்று கத்துவாய். நான் வேலை மும்முரத்தில், "செத்தாதானேடா எழுந்துக்கிறதுக்கு" என்பேன். அப்போது நான் அர்த்தத்தோடு சொல்லவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். தொழிலுக்கு எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். காது முளைத்த கம்பத்தைத் தூக்கிப்பார்த்தால் கனம் இருக்காது, ஆணி வைத்தால் அடிக்காமலே இறங்கும், அதைப் பந்தலுக்கு ஏற்றக் கூடாது. இப்போது முக்கால்வாசி இரும்புக் குழாய் ஆகிவிட்டது. நிம்மதி, இரும்பில் காது முளைப்பதில்லை.

தை மாதம் உத்திரமேரூரில் ஒரு வரவேற்புக்குப் பந்தல் போட்டேன். பொண்ணின் அப்பா கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவர். சாமான் இறக்கும்போது ஒரு கட்டையில் காய்ந்துபோயிருந்த காதைப் பார்த்ததும், கல்யாண வேலையை விட்டுவிட்டு அதை நகத்தால் நிமிண்ட ஆரம்பித்துவிட்டார். நான் விடவில்லை, மனசில் இருந்ததைக் கேட்டேன். "சார், இது மொளச்சதால மரம் சாவுதா, மரம் செத்ததால இது மொளைக்குதா?" அவர் சிரித்தார். "அநேகமா செத்த பிறகுதாங்க இது வரும். காது வெளிய தெரியறதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே நூல் நூலா கட்டைக்குள்ள பரவியிருக்கும். விதைத்தூள் விடறதுக்குத்தான் காதை வெளிய நீட்டுது. நம்ம கண்ணுக்குத் தெரியறது கடைசியா நடக்கிறது" என்றார். வெயிலில் சுருங்குவது சாவு இல்லை, வேலையை நிறுத்தி வைப்பது, மழை பட்டதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்துவிடும் என்றார். உடம்பு முழுக்கத் தண்ணீரைப் பிடித்து வைக்கிற ஜவ்வு, வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது, சில தேசங்களில் சூப்பில் போட்டுக் குடிக்கிறார்களாம். மஞ்சள் நிறத்தில் அல்வாத் துண்டு மாதிரி வருமே ஒன்று, அந்த ஜாதியில் சிலது மரத்தைத் தின்பதே இல்லையாம். மரத்தைத் தின்கிற வேறு காளானைப் பிடித்துத் தின்னுமாம். எனக்கு உடனே உன் அத்தை ஞாபகம் வந்தது. அடுத்தவர்கள் சண்டையில் சாப்பிட்டு உடம்பை வளர்க்கிறவள். இதை அவளிடம் சொல்லிவிடாதே, எனக்கு இருப்பது ஒரே அக்கா.

அவர் சொன்னது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நாம் எல்லோரும் காது வெளியே தெரிந்த அன்றைக்குத்தான் கிளை செத்ததாக நினைத்துக்கொண்டோம். அது ஆடியிலேயே செத்திருக்கும். அவள் போனதை மட்டும் பார்த்துவிட்டுப் போனதால் உடைந்தது என்று சொல்கிறோம். அதற்கு முன்னால் ஆவணியில், புரட்டாசியில் என்ன நடந்தது என்று உன்னையே கேட்டுக்கொள். இன்னொன்றும் என்னைப் பயமுறுத்துகிறது. போன மாதம் அவள் பிறந்தநாளுக்கு நீ மெசேஜ் அனுப்பியதும் அவள் பதில் போட்டதும் உன் அம்மாவுக்குத் தெரிந்து, அன்று முழுக்க முகம் மலர்ந்து கிடந்தாள். அதற்குப்பிறகு மறுபடி பேச்சு இல்லை. மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குகிறது. உங்கள் இருவருக்கும் நடுவில் அப்படி உப்புவது எது, மரமா காளானா? மரமென்றால் உட்கார்ந்து பேசி முடிப்பது பாவம். காளானென்றால் இழுத்துக்கொண்டிருப்பது பாவம். வெளியிலிருந்து பார்க்கிற எனக்குத் தெரியவில்லையடா. அப்பனென்றால் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறாய், தெரியவில்லை.

அதனால் போன வியாழக்கிழமை யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு திருமுக்கூடல் போனேன். சட்டைப் பையில், கிளையிலிருந்து பிய்த்த காய்ந்த காது ஒன்று. சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து மகேஸ்வரியின் அம்மா பயந்துபோய் நாற்காலியைத் துடைத்துத் துடைத்துப் போட்டாள். மகேஸ்வரி தண்ணீர் கொண்டுவந்து, "வாங்க மாமா" என்றாள். இளைத்திருக்கிறாள். வாலாஜாபாத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போகிறாளாம், அன்று லீவு. என்ன பேசுவது என்று தெரியாமல் பையிலிருந்ததை எடுத்து அவள் கொடுத்த தண்ணீர் டம்ளருக்குள் போட்டேன். "இன்னா மாமா இது?" "இருந்து பாரும்மா." மாடு கன்று, மழை, ஆற்றில் தண்ணீர் இல்லாதது என்று அவள் அம்மாவும் நானும் எதையெதையோ பேசிக்கொண்டிருந்தோம். மகேஸ்வரி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பாகச் சுருண்டு கிடந்தது மெதுவாக விரிந்து, பழுப்பு நிறம் திரும்பி, முழுக் காதாக மிதந்தது.

"இது உயிரோட கீதா மாமா?" என்றாள்.

"காளான் உயிரோட கீது. கெளைதான் இல்ல. ஆனா கெளைய இது சாவடிக்கலம்மா. நீயும் சாவடிக்கல. அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, கோபம் வந்தது. "அப்போ எப்டி மாமா செத்துச்சி? நான் ஒரு நாளிக்கி ஒரே சொம்புதான் ஊத்துனேன். ஒதிக்குத் தண்ணி கம்மியா இருக்கணும்னு எங்கம்மா சொல்லித்தான் அனுப்புச்சி. காலையில ஒரு சொம்பு, அவ்ளோதான். ஆனா எப்பப் போயி பாத்தாலும் அடி மண்ணு சேறா கீது. நான் யாரப் போயி கேக்கறது? எனக்குத் தண்ணி ஊத்தத் தெரியலன்னு உங்க புள்ள சொன்னாரே, எத்தினி சொம்புன்னு ஒரு தடவ கேட்டாரா?" டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். வாசல் வரைக்கும் வந்து, "பாத்துப் போங்க மாமா" என்றாள். கோபத்திலும் அதை மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். கிளையை ஆட்டினதுமே தானாக வந்துவிட்டது. அடிப்பாகம் கறுத்து, பட்டை கூழாகக் கழன்று, சாக்கடை நாற்றம் அடித்தது. வேர் என்று ஒரு நூல்கூட இறங்கவில்லை. இந்த மாசி வெயிலிலும் அந்தக் களிமண் உள்ளே ஈரமாகத்தான் இருந்தது. உன் அம்மாவைக் கூப்பிட்டேன். "ஏம்மே, நெசத்த சொல்லு. நீ இதுக்குத் தண்ணி ஊத்துனியா?" அவள் முதலில் இல்லை என்றாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "அது சின்னப் பொண்ணு, ஒரு சொம்பு ஊத்தனா இன்னாத்துக்கு ஆவும்னு, மத்தியானம் அரிசி களுவுன தண்ணிய ஒரு கொடம் ஊத்திக்கினு கீறேன். புள்ளைங்க நல்லா இருக்கணும்னுதானே ஊத்துனேன்" என்றாள். எப்போதும் மதில் மேல் நீளுகிற உன் அத்தை தலை அன்று நீளவில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. "அக்கா, நீ?" என்று கத்தினேன். மதிலுக்குப் பின்னாலிருந்தே, "கோயிலாண்ட மந்திரிச்ச தண்ணிடா, கெட்டது எப்டிடா பண்ணும்? தெனம் ரெண்டு சொம்புதான்" என்று பதில் வந்தது. அப்புறம் என் கதை. சாயங்காலம் வண்டி கழுவிவிட்டு ஹோஸை நிறுத்துவதற்கு முன்னால் ஒரு பத்து நிமிஷம் அந்தக் குழியில் விட்டுவிட்டுத்தான் நிறுத்துவேன். எல்லோரும் திருட்டுத்தனமாக ஊற்றியிருக்கிறோம். மகேஸ்வரி மனசு நோகக் கூடாது என்று உன் அம்மா சொல்லவில்லை. நான் அதைப் போய் யாரிடம் சொல்வது என்று சொல்லவில்லை. தண்ணீர் தேங்கினால் ஒதி தாங்காது என்று ஊருக்கே சொல்லத் தெரிந்த வீட்டில், ஆளாளுக்கு ஆசையில் ஊற்றி அழுக வைத்துவிட்டுச் சரியாக ஊற்றின ஒருத்தியைக் கைகாட்டினோம்.

உன் அம்மா அந்தக் குழி ஓரத்திலேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் முன்னால் தானே இதைச் சொல்லுவதாகச் சொல்லியிருக்கிறாள். உன் அத்தையும் வருகிறாள், அவள் என்ன சொல்லுவாள் என்று அந்தக் கடவுளுக்கே தெரியாது. நாங்கள் சொன்னால் ஊர் வாய் மூடும், அவள் பெயர் சுத்தமாகும். அதைச் செய்யாமல் விடமாட்டேன். ஆனால் அதனால் மட்டும் அவள் திரும்பி வந்துவிடுவாள் என்று நினைக்காதே. அவளுக்குக் கிளை பிரச்சினையே இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. எத்தனை சொம்பு என்று நீ கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு வலி.

கல்யாணத்தைப் பற்றி உனக்குப் புத்தி சொல்ல எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. பொண்டாட்டி மேல் ஒரு குற்றம் காதில் விழுந்தால், வாசலிலேயே தீர்ப்பு சொல்லாதே, பையைக் கீழே வை, ஒரு வாய் தண்ணீர் குடி, அவளைத் தனியாகக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேள். இது மகேஸ்வரிக்கும் பொருந்தும், ஒருவேளை ஞாயிற்றுக்கிழமையோடு எல்லாம் முடிந்து நாளைக்கு வேறொருத்தி வந்தாலும் பொருந்தும். எழுதும்போதே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவள் வரவேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது. என் ஆசைக்காக உங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டினால் மறுபடியும் நான் ஹோஸைத் திறந்துவிட்ட கதைதான்.

இனி நான் எதற்காக இத்தனை பக்கம் எழுதினேனோ அதைக் கேட்கிறேன். உன் அம்மா ஒரு குடம், உன் அத்தை இரண்டு சொம்பு, நான் ஹோஸ், மகேஸ்வரி ஒரு சொம்பு என்று எல்லோர் கணக்கும் வந்துவிட்டது. ஒன்று மட்டும் பாக்கி. நீ நைட் ஷிப்ட் முடித்து விடியற்காலையில் வருவாயே, அப்போது எனக்கு விழிப்பு வந்துவிடும். தெருமுனையில் கம்பெனி பஸ் நிற்கும், கேட் சத்தம் கேட்கும். நேராக உள்ளே வராமல் நீ பின்பக்கம் போவாய். குழாயடியில் வாளி நிறையும். அப்புறம் ஒரே மூச்சாகத் தண்ணீர் கொட்டுகிற சத்தம். கால் கழுவுகிறாய் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டு புரண்டு படுத்தேன். வியாழக்கிழமை குழியோரத்தில் நிற்கும்போதுதான் யோசித்தேன், கால் கழுவ ஒரு வாளித் தண்ணீர் எதற்கு?

கால்தான் கழுவினாய் என்றால் எனக்குச் சொல், ஞாயிற்றுக்கிழமை எங்கள் தண்ணீர்க் கணக்கை மட்டும் சொல்லிவிட்டு, பிரிப்பதற்குக் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் முடித்துக்கொடுத்துவிட்டு வருகிறேன். கிளைக்குத்தான் ஊற்றினாய் என்றால் எனக்குச் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை உனக்கு லீவு. திருமுக்கூடல் போய் அவளிடம் சொல்லு.

இப்படிக்கு,
அப்பா